ஐந்து கைச் சாமிக்கு ஒரு நாற்காலி

முருகன்குறிச்சியில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கோமதிநாயகத்தின் மாடிப் போர்ஷனுக்கு, அவர் கல்லூரி நாட்களில் ஒரு விளையாட்டுக்காகப் பகடை உருட்டி உண்டாக்கிய சாமி குடிவந்தார். ஐந்து கை, ஆட்டு முகம், பத்தடி நீளத்தில் ஒரு கம்பு. வாசலில் வந்து நின்றவரிடம் கோமதிநாயகம் முதலில் கேட்டது, விளையாட்டுக் கணக்கில் உயிர்ப்புள்ளி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான். நானூறும் அப்படியே இருக்கிறது என்றார் சாமி. அப்படியானால் மாடி ஏறுவதில் சிரமம் இருக்காது என்று கோமதிநாயகம் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சாமி ஒவ்வொரு படியையும் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தார். நிலவறைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும். எந்தக் கல்லை மிதித்தால் எங்கிருந்து ஈட்டி வரும் என்று அங்கே சொல்ல முடியாது. கம்பு படிக்கட்டு வளைவில் திரும்பாததால் அதை மட்டும் வெளியிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. பந்தல்காரர் வீட்டில் கயிற்றுக்குப் பஞ்சமா?

கோமதிநாயகத்தின் மனைவி செண்பகவடிவு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“சாமி, வெங்காயம் பூண்டு சேத்துக்கிடுவீங்களா?”

“அது எனக்கு எழுதலையேம்மா” என்றார் சாமி.

“எழுதலைன்னா சேத்துக்கிடலாம்” என்று அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு உள்ளிச் சாம்பார்.

உபத்திரவம் இல்லாத குடித்தனக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரை வீணாக்குவதில்லை, ராத்திரி சத்தம் கிடையாது. ஒரே ஒரு விஷயந்தான் கோமதிநாயகத்தை உறுத்தியது. சாமி உட்காரவே மாட்டேன் என்றார். ஊரிலுள்ள கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாற்காலி அனுப்புகிற வீடு அது. கைவைத்தது, கைவைக்காதது, மடக்குவது, மாப்பிள்ளை நாற்காலி என்று வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. அவ்வளவுக்கும் நடுவில் ஒருவர் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்க்க அவருக்கு என்னவோபோல் இருந்தது. நாலாவது முறை நாற்காலியை இழுத்துப் போட்டபோது சாமி விஷயத்தைச் சொன்னார்.

விளையாட்டுச் சாமிகளுக்கென்று ஒரு மண்டபம் இருக்கிறதாம். இடிக்கு ஒரு சாமி, கடலுக்கு ஒரு சாமி, திருடர்களுக்கு ஒரு சாமி என்று வரிசையாக இருக்கைகள். வாசலில் நிற்பவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான். எதற்குச் சாமி? பதில் சொன்னால் இருக்கையைக் காட்டுவான். இவரிடம் பதில் இல்லை. அதனால் நாற்பது வருடம் அந்த வாசலிலேயே நின்றார், தனக்கென்று இடம் சொல்லப்படாமல் எங்கேயும் உட்கார மனசு வரவில்லை.

“கால் வலிக்கலியா?”

“வலி எழுதலை” என்றார் சாமி. கொஞ்சம் பொறுத்து, “ஆனா உக்காரணும்னு ஆசையா இருக்கு. அதை யாரு எழுதினான்னு தெரியலை. எதுக்குச் சாமின்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிருவேன்” என்றார்.

கோமதிநாயகம் தன்னையறியாமல் முன்னறையில் நின்ற பீரோவைப் பார்த்தார்.

அந்தப் பீரோவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்லூரித் தோழி பிரிஜித்தாவின் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். ஒருமுறை தூத்துக்குடியில் இறங்கியபோது மருமகளுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே புத்தகங்கள், பல முகங்கள் கொண்ட பகடைகள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா என்று பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை பிரிஜித்தா மாதா கோயில் பூசையை முடித்துக்கொண்டு வருவாள். வானமாமலை நாங்குநேரி பஸ்ஸில் வந்து இறங்குவான். கதையை நடத்துவது கோமதிநாயகம். மூன்று பேரும் அப்போது ஒரே கல்லூரி.

வானமாமலையின் பாத்திரம் கோடரி வைத்த குள்ளன். பிரிஜித்தாவின் பாத்திரம் பூசாரி. பூசாரி என்றால் ஒரு சாமி வேண்டும் என்பது விதி. கதை பாதிப் பாலம்வரை வந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது. சாமிகளுக்கென்றே பெட்டியில் ஒரு தனிப் புத்தகம் இருந்தது. வடதேசத்து இடிச் சாமி, எகிப்தின் பருந்து முகச் சாமி என்று பக்கத்துக்கொருவர். பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு, எத்தனை வெட்டு தாங்குவார் என்று எல்லோருக்கும் எண் போட்டிருந்தது. தள்ளிப் போனால் நம்மூர்ச் சாமிகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் மார்க் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்கள் வந்தால் வானமாமலை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படிப்பான். தன் சாமிகளைப் பூதங்களோடு சண்டைக்கு இறக்க அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பிற சாமிகளைக் கும்பிட பிரிஜித்தா ஒத்துக்கொள்ளவில்லை, பொய்க்குக் கும்பிட்டாலும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிவரும் என்றாள். கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சாமியைத் தாங்களே செய்துகொள்வது என்று முடிவாயிற்று.

எல்லாவற்றையும் பகடையிடமே விட்டார்கள். வானமாமலை நாலு கை கேட்டான், பிரிஜித்தா இரண்டு போதும் என்றாள், பகடை ஐந்து என்றது. ஆயுதம் பத்தடிக் கம்பு என்று வந்தது. முகத்தை மட்டும் வானமாமலை வரைந்தான். அவன் சிங்கந்தான் வரைந்தான். கடைசியாக, எதற்குச் சாமி என்பது. கடல், போர், மழை, கொள்ளை நோய் என்று இருபது சொல்லிவைத்துக்கொண்டு, கோமதிநாயகம் இருபது முகப் பகடையை உருட்டினார். அது மேஜை விளிம்பைத் தாண்டிப் பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது.

விழுந்தது விழுந்ததுதான், குனிந்து பார்த்துச் சொல் என்றான் வானமாமலை. தரையில் விழுந்தது செல்லாது, மறுபடி உருட்டு என்றாள் பிரிஜித்தா. கதை நடத்துகிறவன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோமதிநாயகம் வாயைத் திறக்கவில்லை. விழுந்தது செல்லும் என்றால் பிரிஜித்தா எழுந்து போய்விடுவாள், செல்லாது என்றால் வானமாமலை போய்விடுவான் என்று அவருக்குப் பயம். அவர் பேசாமல் இருந்ததில் இரண்டு பேருமே எழுந்து போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிக்சரை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. பிறகும் மூவரும் ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்தார்கள், ஆனாலும் கல்யாண வீடுகளில் ஒருவரையொருவர் பார்த்தால் பந்தியை மாற்றிக்கொண்டார்கள். அந்த வீடுகளில் எல்லாம் நாற்காலி இவருடையது.

தீர்ப்பு ஆகும்வரை பகடையைத் தொடக்கூடாது என்பதால் பீரோவை யாரும் நகர்த்தவில்லை. வெள்ளையடிக்கும்போது அதைச் சுற்றி அடித்தார்கள். செண்பகவடிவு வாழ வந்த அன்றைக்கே அவளிடம், “அதுக்கு அடியில மட்டும் பெருக்காத. இன்னும் முடிவாகலை” என்று சொல்லப்பட்டது. எந்த வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே குறை, வீட்டில் எந்நேரமும் கேட்கிற மெல்லிய ரீங்காரந்தான். ஃபேனைக் கழற்றிப் பார்த்தார்கள். பிறகு ஃபிரிட்ஜை மாற்றினார்கள். ரீங்காரம் போகவில்லை.

சாமி வந்த கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வடகம் காயவைக்க மாடிக்கு வந்தாள்.

“எதுக்குச் சாமி நீங்க?”

“தெரியலைம்மா. இன்னும் முடிவாகலை.”

“எனக்கும் அப்படித்தான் கிடக்கு” என்றாள் இசக்கியம்மாள். அவள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஜ்ஜி நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார்கள். வடகத்தைக் காக்கா கொத்தாமல் சாமி கம்பால் ஓட்டிக்கொண்டிருக்க, இவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் இருந்தாள். சாமி அவளுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எல்லாம் நல்லபடியா நடக்கும் என்றுகூடச் சொல்லவில்லை. போகும்போது அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருந்தது.

விஷயம் பரவியது. நர்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த பெண் வந்தாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ என்றிருந்த ஒரு ஆட்டோக்காரர் வந்தார். கோர்ட்டில் சொத்து வழக்கு நடத்திக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் வந்தார்கள், எதிரெதிர் மூலையில் நின்றார்கள். ஊரில் பதில் தெரிந்த சாமிகள் எத்தனையோ உண்டு. தனக்கே பதில் தெரியாமல் அவர்களோடு நிற்கிற சாமி இந்த ஒருவர்தான். பதில் வந்தவர்கள் பிறகு வருவதில்லை, அதில் வருத்தப்படவும் ஒன்றுமில்லை. அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். கோமதிநாயகம் மாடிக்கு நாற்காலிகளை அனுப்பினார். வாடகை கேட்கவில்லை. காத்திருப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் சாமி கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் நாற்காலி எண்ணப் போனபோது அந்தக் காட்சி அவர் கண்ணில் பட்டது. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பந்தி முடியும்வரை வாசலில் நிற்கிறவன் இலையைப் பார்ப்பதுபோல. கோமதிநாயகத்துக்குத் தாங்கவில்லை. இந்த நிலைக்குத் தான் அன்று வாயைத் திறக்காததுதானே காரணம் என்று தோன்றியது.

“போயி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருதேன்” என்றார் மனைவியிடம்.

“போயிட்டு வாங்க, வேண்டாம்னு சொல்லலை” என்றாள் செண்பகவடிவு. “ஆனா அவருக்குப் போர்னு விழுந்துட்டா, மேல இருக்கவங்க எல்லாம் எங்க போவாங்க? கொள்ளை நோய்னு விழுந்தாலும் மாடியில வச்சுக்கிட முடியாது. இசக்கியக்கா மகளுக்கு வேற இன்னும் பதில் வரலை.”

இருந்தாலும் கோமதிநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வானமாமலை கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் ஒரு பசுவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கழித்து வந்தவனைக் கண்டு நிமிரவில்லை.

“சாமி வந்திருக்காரு” என்றார் கோமதிநாயகம்.

“எப்படி இருக்காரு?”

“நல்லாருக்காரு. ஆட்டு முகம்.”

“நான் சிங்கம்லா வரைஞ்சேன்.”

“ஆடாத்தான் வந்திருக்கு.”

வானமாமலை பசுவின் காதை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். “அவ வாராளா?” என்று கேட்டார்.

“நீ வந்தா வருவா.”

பிரிஜித்தா பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள், இப்போது மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறாள். அவளும் உட்காரச் சொல்வதற்கு முன்பு, “வானம் வாரானா?” என்றுதான் கேட்டாள். கோமதிநாயகம் அதே பதிலைச் சொன்னார். “தரையில விழுந்தது செல்லாது. இப்பவும் அதத்தான் சொல்லுவேன்” என்றாள். சொல்லிக்கொண்டே பழைய பிஸ்கட் டின் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தாள். மற்ற பகடைகளெல்லாம் அதில்தான் இருந்தன. இருபது முகம் கொண்டது மட்டும் இல்லாமல் அவை இத்தனை வருடம் குறைப்பட்டுக் கிடந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செண்பகவடிவு கொடுத்த காபியை இரண்டு பேரும் ஒரே மாதிரி ஊதி ஊதிக் குடித்தார்கள். சாமி மாடியிலிருந்து படிகளைத் தட்டிக்கொண்டு இறங்கிவந்தார். வானமாமலை அவர் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

“பல்லு நல்லாருக்கு. கிடா வயசு தாண்டலை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மன்னிச்சுக்கிடுங்க சாமி. எனக்கு வரைய வராது” என்றார்.

“பரவாயில்லை. கொம்பு நல்லா அமைஞ்சிருக்கு” என்றார் சாமி.

எல்லோரும் கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள். பீரோவை நகர்த்துவதற்கு முன் தீர்ப்பு வேண்டும். அவருக்கு மறுபடியும் அந்தப் பழைய பயம் வந்தது. இந்தமுறை பயத்தையே சொல்லிவிட்டார்.

“ரெண்டு பேர்ல ஒருத்தரை விட மனசில்லாமத்தான் அன்னைக்கு நான் பேசலை. கடைசியில ரெண்டு பேரும் போயிட்டீங்க. நான் தனியாத்தான் இருந்தேன்.”

வானமாமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மொதல்ல பீரோவை நகட்டு” என்றாள் பிரிஜித்தா. “எப்படிக் கிடக்குன்னு பாத்துட்டுப் பேசுவோம்.”

சாமி கம்பைப் பீரோவின் அடியில் கொடுத்து நெம்பினார். மற்ற மூவரும் தள்ளினார்கள். பீரோ நகர நகர ரீங்காரம் பெரிதாயிற்று. அடியில் நாற்பது வருடத் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நடுவில் மட்டும் தட்டு அகலத்துக்குத் தரை பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் சிவப்புப் பகடை ஒற்றை முனையில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

“ஃபிரிட்ஜை வீணா மாத்திட்டோமே” என்றாள் செண்பகவடிவு.

கோமதிநாயகம் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நாற்பது வருடத்தில் தன் முதல் தீர்ப்பைச் சொன்னார்.

“விழுந்தாத்தான் செல்லுமா செல்லாதாங்கற கேள்வி. இது இன்னும் விழவே இல்லை.”

வானமாமலை யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார். பிரிஜித்தாவும் தலையை ஆட்டினாள். அவர்கள் அப்போதுதான் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். உனக்கும் நரைச்சிட்டா என்று வானமாமலை கேட்டார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு என்றாள் அவள்.

சாமி இன்னும் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ என்னைய யாரும் மறந்துட்டுப் போகலை.”

“இல்லை சாமி” என்றார் கோமதிநாயகம்.

“உருட்டினது உருண்டுக்கிட்டேதான் இருக்கு. நானும் காத்திருக்கவங்கள்ல ஒருத்தன்.”

“ஆமா.”

“காத்திருக்கவங்களுக்கு மேல நாற்காலி உண்டு.”

“உண்டு சாமி. கைவச்சதாப் பாத்து எடுத்துக்கிடுங்க.”

சாமி மாடிக்குப் போனார். இந்தமுறை படிகளைத் தட்டிப் பார்க்கவில்லை. கீழே நால்வரும் அண்ணாந்து கேட்டார்கள். மேலே நாற்காலிகள் கொஞ்சம் ஒதுங்குவது கேட்டது. இசக்கியம்மாள், “இங்கன வாங்க சாமி, நெழலு இருக்கு” என்பது கேட்டது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கனத்த உடம்பை வாங்கிக்கொண்டு முனகியது. கோமதிநாயகம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை மூன்று பேரும் பார்த்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

போக வேண்டிய பஸ் இருக்கிறது என்று வானமாமலை சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை. பிரிஜித்தா பிஸ்கட் டின்னைத் திறந்து மற்றப் பகடைகளை மேஜையில் கொட்டினாள். குள்ளனும் பூசாரியும் பாதிப் பாலத்தில் நிற்பதாக அன்றைக்கு விட்டிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பூதங்கள், கீழே ஆறு. கோமதிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆற்றில் தண்ணீர் அதே அளவுதான் ஓடுகிறது என்று கதையை எடுத்தார். பிரிஜித்தாவின் பூசாரி சாமியை வேண்டினாள். என்ன கேட்டு வேண்டுகிறாய் என்றதற்கு, “எதுவும் கேக்கலை. கூட இருக்கச் சொன்னேன்” என்றாள். செண்பகவடிவு மிக்சர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பீரோ இருந்த இடத்தைச் சுற்றிப் பெருக்கினாள், பகடையின் பக்கம் வரும்போது விளக்குமாறைத் தூக்கிக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ரீங்காரம் கொஞ்சம் இறங்கியது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பகடை தள்ளாடத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்து, மறுபக்கம் சாய்ந்தது. இன்னும் இரண்டு சுற்றில் ஏதாவது ஒரு முகம் மேலே வந்து நின்றுவிடும் போலிருந்தது. மாடியில் ஆட்டோக்காரர் ஏதோ சொல்ல, சாமி சிரிக்கிற சத்தம் கேட்டது.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வானமாமலை மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். பிரிஜித்தா சேலையை ஒதுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். கோமதிநாயகம் வயிறு இடித்ததால் படுத்தேவிட்டார். மூன்று தலையும் தரையோடு தரையாக இறங்கின. மூவரும் சேர்ந்து பகடையை ஊதினார்கள்.

அது நிமிர்ந்து, பழைய வேகத்துக்கு வந்து, ரீங்காரத்தைத் தொடங்கியது. மூவரும் ஒருவரையொருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள்.

“இப்ப யாரு ஆட்டம்?” என்றார் வானமாமலை.

“ஒன் ஆட்டந்தான்” என்றாள் பிரிஜித்தா. “உருட்டு.”